கோடு விழுந்த படம்

மருத்துவக் கல்லூரியில் பிணங்களை அறுத்துப் படிக்கும் கூடத்துக்கு அடுத்த அறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறவள் அவள். உடல்கள் அழுகாமலிருக்க ஊற்றுகிற ஃபார்மலின் நெடி அவள் தலைமுடியிலேயே குடியிருந்தது. குடல், ஈரல், கரு என்று எதைக் கையில் கொடுத்தாலும் மெழுகில் புதைத்து, தலைமுடியைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றிச் சாயம் போட்டுக் கொடுத்துவிடுவாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, அதே மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மத்தியானச் சாப்பாட்டைப் பிரிப்பாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தங்கை வீட்டில், காகிதத்தில் அச்சடித்த ஒரு படத்தைப் பார்த்துக் குமட்டிக்கொண்டு வந்தது என்றால் யார் நம்புவார்கள்?

கல்லூரியில் அவளுக்குப் பிளேடு அக்கா என்று பெயர். சீவுகிற வேலை என்பதால் வந்த பெயர் என்று அவள் சொல்வாள். வாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்பதால் வந்தது என்று மாணவர்கள் சொல்வார்கள். இரண்டிலும் பொய்யில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை துணி அலமாரியைத் திறந்து, அடுக்கி வைத்த துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். எடுத்த விதத்தைப் பார்த்தால் உள்ளே ஏதோ உயிர் இருக்கிற மாதிரி இருந்தது.

"இங்க பாரு க்கா. யாருக்கும் காட்டல, உனக்குத்தான் மொதல்ல. இது என்னோடது."

படம் உள்ளங்கை அகலம். இளஞ்சிவப்புப் பின்னணியில் ஊதா நிறத்தில் வட்டம் வட்டமாக, ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு கூட்டமாகச் செல்கள். நடுவில் இரண்டு மூன்று, பாதியில் பிளந்துகொண்டிருந்தன.

"டாக்டர் பேருகூடச் சொன்னாரு. ஊகோனியா. முட்டை ஆகறதுக்கு முன்னாடி, அதுக்கும் தாய் செல்லாம். நிறைய பேருக்கு இது தீந்து போயிருக்குமாம். எனக்கு உள்ள தூங்கிட்டு இருக்காம். போன மாசம் ஊசி போட்டு எடுத்தாங்கல்ல, அதுல எடுத்த படம் இது. வியாழக்கிழமை ஆபரேஷன். எழுப்பிவிட்டுடுவாராம்."

"எப்படி எழுப்புவாராம்?" என்று கேட்டாள் பிளேடு அக்கா. கேட்டது அவள்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"சினைப்பையை வெளிய எடுத்து, துண்டு போட்டு, மருந்துல ஊற வச்சு, ஒரு துண்டைத் திரும்ப உள்ள வச்சுத் தைப்பாங்களாம்."

தங்கைக்கு வயது முப்பத்தாறு. கட்டி வந்து இடது பக்கச் சினைப்பையை எட்டு வருடத்துக்கு முன்பே எடுத்தாயிற்று. மிச்சமிருப்பது வலது பக்கத்து ஒன்றுதான். அதிலும் முட்டைகள் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் இருக்கும் என்று கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு டாக்டரம்மா சொல்லியிருந்தார். கொஞ்சம்தான், ஆனாலும் இருக்கிறது, தயவுசெய்து அதன்மேல் கத்தி மட்டும் வைக்க விடாதீர்கள் என்றும் சொல்லியிருந்தார். பொறுமை இல்லாத மாப்பிள்ளையும், பொறுத்துப் பொறுத்துச் சலித்த தங்கையும், யாரோ சொன்னார்கள் என்று கண்ணாடி மாளிகை மாதிரி ஆஸ்பத்திரி வைத்திருக்கிற இந்த டாக்டரிடம் போய்ச் சேர்ந்திருந்தார்கள். இருக்கிற ஒன்றையும் வியாழக்கிழமை அவர் துண்டு போட்டுவிட்டால், அந்தக் கொஞ்சமும் போயிற்று. அதற்கப்புறம் எதுவும் கிடையாது.

ஆனால் பிளேடு அக்காவைப் புரட்டிப் போட்டது அது மட்டுமல்ல. படத்தின் மேல் மூலையிலிருந்து எதிர் மூலைவரை, செல்களின் குறுக்கே, மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. கீழ்ப்பக்கத்தில், சரியாக விரிக்காத போர்வை ஓரம் மாதிரி ஒரு சின்ன மடிப்பு. அந்தக் கோடு அவள் போட்ட கோடு. அந்த மடிப்பு அவள் விட்ட மடிப்பு. பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் பார்த்தால் தெரியாதா?

அவள் எழுந்து போய்க் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றாள்.

நான்கு வருடத்துக்கு முந்தைய கதை அது. மாணவர்களுக்கு ஊகோனியாவைக் காட்ட வேண்டும், தகடு எல்லாம் சாயம் போய்விட்டது, புதிதாகச் செய்யுங்கள் என்று கருவியல் துறைத் தலைவரம்மா சொன்னார். சொல்வது சுலபம். பெண் குழந்தை தாய் வயிற்றில் இருக்கிற முதல் சில மாதங்களில்தான் இந்தச் செல்கள் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, லட்சக்கணக்கில் பெருகும். குழந்தை வெளியே வருவதற்கு முன்பே கடையை மூடிவிடும். எல்லாம் முட்டைகளாகி வரிசையில் உட்கார்ந்துகொள்ளும். அதற்கப்புறம் புதிதாக ஒன்றுகூட வராது. பிறந்து வளர்ந்த பெண்ணின் உடம்பில் ஊகோனியாவைத் தேடுவது, சுட்ட செங்கல்லில் ஈரக் களிமண்ணைத் தேடுகிற மாதிரி. இதை வருடா வருடம் பாடம் நடக்கும்போது கதவோரம் நின்று கேட்டு அவளுக்கே மனப்பாடம்.

ஆகவே வழக்கம்போல அவள் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு ஆடு வெட்டும் இடத்துக்குப் போனாள். சினை ஆட்டை வெட்டக் கூடாது என்று பலகை எழுதித் தொங்கவிட்டிருக்கிற இடம்தான். அந்தப் பலகைக்கு நேர் கீழே நின்று, வெட்டுகிறவர் அவளுக்கென்று எடுத்து வைத்திருந்த கருப்பையை வாளியில் போட்டார். அது இன்னும் சூடாக இருந்தது. பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது அந்தச் சூடு துணியைத் தாண்டித் தொடையில் உறைத்தது. அறைக்கு வந்து திறந்தாள். வழுவழுவென்று, கண் திறக்காத, உள்ளங்கை நீளக் குட்டி. பெண் குட்டி. அரிசி மணி அளவுக்கு இரண்டு சினைப்பைகள். எடுத்தாள், மிச்சத்தை மருத்துவக் கழிவு போடுகிற மஞ்சள் பையில் கட்டிப் போட்டாள், சாப்பிட உட்கார்ந்தாள். அன்றைக்கு ஒரு குமட்டலும் வரவில்லை.

சீவும்போதுதான் தப்பு நடந்தது. கத்தி முனையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு இருந்தால் போதும், மெழுகோடு வருகிற ஒவ்வொரு சீவலிலும் அதே இடத்தில் ஒரு கீறல் விழும். கீறல் கண்டால் உடனே கத்தியை மாற்ற வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். புதுக் கத்திப் பெட்டி பூட்டின அலமாரியில் இருந்தது. சாவி வைத்திருக்கிறவர் விடுப்பில் இருந்தார். ஒரு நாள்தானே என்று அவள் சீவிவிட்டாள். சோம்பேறித்தனம்தான், வேறென்ன? சீவலை வெந்நீரில் மிதக்கவிட்டுத் தகட்டில் ஏந்தும்போது ஓரம் மடிந்தது. சரி, இதைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றிருந்தாள். அதற்குள் தலைவரம்மா நுண்ணோக்கியில் கண்ணை வைத்துவிட்டார். வைத்தவர் எடுக்கவில்லை.

"பிளந்துகிட்டிருக்கறப்பவே மாட்டியிருக்கு! இது கெடைக்குமா? கோடு கெடக்கட்டும், இதைத் தொலைச்சுடாதீங்க."

அப்படித்தான் அந்தத் தகடு நாற்பத்தொன்றாம் எண் ஒட்டிப் பெட்டிக்குள் போனது.

அடுத்த மாதமே, துறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்து வேலையை விட்டுப் போய்ச் சொந்தமாக அந்தக் கண்ணாடி மாளிகை ஆஸ்பத்திரியைக் கட்டிய டாக்டர் வந்தார். ஏதோ கூட்டத்தில் பேசப் போகிறேன், ஒரு படம் வேண்டும் என்றார். தலைவரம்மா நாற்பத்தொன்றை எடுத்துக் கொடுத்தார். படம் எடுத்து முடித்து, போகிற போக்கில் பிளேடு அக்காவின் பக்கம் திரும்பி, "இந்தக் கைக்குத் தங்கக் காப்பு போடணும் க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் அதை ஒரு வாரம் மென்றுகொண்டிருந்தாள். தங்கையிடம்கூட இரண்டு தடவை சொன்னாள். இப்போது அதை நினைத்தால், ஈரக் கையால் யாரோ கழுத்தைத் தடவின மாதிரி உடம்பு கூசியது.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக நாற்பத்தொன்றை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். தங்கை வீட்டுப் படத்தைக் கைபேசியில் பிடித்து வந்திருந்தாள். கோட்டின் நடுவில் வெட்டுப்பட்ட செல் ஒன்று, பாதி இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம். மடிப்புக்கு மேலே மூன்று செல்கள் முக்கோணமாக. எல்லாம் இருந்தன. ஒன்றுகூட மாறவில்லை. ஒருவேளை நாமே தப்பாக நினைத்திருக்கலாம் என்று பேருந்தில் வரும்போது பாவி மனசு கொஞ்சம் ஆசைப்பட்டிருந்தது. அந்த ஆசையும் அங்கேயே செத்தது.

தகட்டை எடுத்துக்கொண்டு தலைவரம்மாவின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் படத்தைப் பார்த்தார், நுண்ணோக்கியைப் பார்த்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தார், துடைத்தார், அதில் என்ன அழுக்கு இருந்ததோ.

"அவன் எங்கிட்ட படிச்ச பையன்தான். இப்படிப் பண்ணுவான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா போதும்மா. இது நம்ம தகடு, ஆட்டுக் குட்டியோடதுன்னு. தங்கச்சி அப்பவாவது நம்புவா."

"தகடு எப்படி அவன் கைக்குப் போச்சுன்னு கேப்பாங்க. குடுத்தது யாருன்னு கேப்பாங்க. எனக்கு ஓய்வு பெற இன்னும் எட்டு மாசம் இருக்கு." தலைவரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "உங்க தங்கச்சிகிட்ட நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லுங்க. கூடப் பொறந்தவ சொன்னா கேக்கமாட்டாளா?"

சீ என்று வந்தது பிளேடு அக்காவுக்கு. இருபத்திரண்டு வருடம் அம்மா, அம்மா என்று அழைத்த வாய் அன்றைக்குப் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

கூடப்பிறந்தவள் கேட்டாளா என்றால், கேட்கவில்லை. அன்று மாலையே தங்கை வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, பக்குவம் என்றால் என்ன என்றே தெரியாதவள் தனக்குத் தெரிந்த பக்குவத்தில் எடுத்துச் சொன்னாள். தங்கை முழுக்கக் கேட்டாள். முகம் கல்லாகிக்கொண்டே வந்தது.

"ஆட்டோடதுன்னு சொல்ற."

"ஆமா."

"நான் என்னோடதுன்னு காட்டுறேன். நீ ஆட்டோடதுன்னு சொல்ற."

"நான் சீவினதுடி. அந்தக் கோடு..."

"உனக்கு எல்லாமே நீ சீவினதுதான். எட்டு வருஷத்துக்கு முன்னாடி அந்தக் கட்டியை எடுத்தப்போ, அதையும் உங்க காலேஜுலதான பார்த்தாங்க? என் உடம்புல இருந்து எடுத்ததை நீயே சீவுனியே, மறந்துட்டியா? வீட்டுக்கு வந்து எங்கிட்டயே சொன்ன, நல்லா வந்துச்சு சீவல்னு. அன்னிக்கு நான் ஒண்ணும் சொல்லல. என்கிட்ட நல்லதா ஏதாவது ஒண்ணு இருந்தா அது உனக்குப் பொறுக்காதா?"

தங்கை சொன்னது உண்மை. நல்லா வந்துச்சு சீவல் என்று அவள் சொல்லியிருந்தாள். சொந்தத் தங்கையின் சினைப்பையைப் பற்றி, ஏதோ துணி தைத்துக் கொடுத்தது போல. தன் நாக்கைத் தானே பிடுங்கிக் கழுவலாம் போலிருந்தது.

"அம்மா உன்ன வயித்துல வச்சிருந்தப்போ எனக்குப் பத்து வயசு. அஞ்சாவது மாசத்துல அம்மா வயித்துல காதை வச்சுக் கேட்டேன். அப்பவே உனக்கு அதெல்லாம் உண்டாயிடுச்சு. அப்பவே முடிஞ்ச கதைடி அது. இப்ப போய் யாரும் புதுசா எழுப்ப முடியாது. இருக்கறதைக் காப்பாத்திக்கத்தான் முடியும்" என்று கெஞ்சினாள்.

"நீ வீட்டுக்குப் போ க்கா," என்றாள் தங்கை.

செவ்வாய்க்கிழமை தங்கை போனை எடுக்கவில்லை. மாப்பிள்ளை எடுத்து, "டாக்டரை விட உங்களுக்கு அதிகம் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு வைத்தார். புதன்கிழமை ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனை. அதற்குத் துணைக்கு ஒரு பெண் வரவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு வேலை. தங்கை ஒன்பது மணிக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினாள்: வர்றதா இருந்தா வா, வாயைத் திறக்காம வா.

பிளேடு அக்கா நாற்பத்தொன்றை ஒரு சின்ன மரப்பெட்டியில் வைத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கல்லூரிப் பொருளை வெளியே எடுத்துப் போவது வேலைக்கே உலை வைக்கிற காரியம். தெரிந்துதான் எடுத்தாள்.

அந்த ஆஸ்பத்திரியில் ஃபார்மலின் நெடி இல்லை. பூ வாசனை அடிக்கிற தெளிப்பான் ஒன்று மூலையில் இருந்துகொண்டு பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் புஸ் என்று துப்பியது. சுவர் முழுக்கச் சிரிக்கிற குழந்தைகளின் படங்கள். பளபளக்கிற தரை, பிளாஸ்டிக் செடிகள், மெத்து மெத்தென்ற நாற்காலிகள். உட்கார்ந்தால் உள்ளே இழுத்துக்கொண்டது. ஆடு வெட்டும் இடத்தில் ஈ மொய்க்கும், ரத்தம் காலில் ஒட்டும். ஆனால் அங்கே ரத்தத்தை ரத்தம் என்றுதான் சொல்வார்கள். இங்கே மூச்சை இழுக்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

எதிர் வரிசையில், நாற்பதைத் தாண்டின ஒரு பெண், காப்பி நிறச் சட்டை போட்டவர், மடியில் மருத்துவக் கோப்பு ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோப்பின் முதல் பக்கத்தில் பிளாஸ்டிக் உறை. அதற்குள் படம். ஊதா வட்டங்கள், குறுக்கே வெள்ளைக் கோடு, கீழே மடிப்பு.

பிளேடு அக்கா தங்கையின் முழங்கையை இடித்தாள். தங்கை பார்த்தாள். பார்த்தது நிச்சயம்.

"செல்லுதானே. எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்," என்று முணுமுணுத்துவிட்டுச் சுவரிலிருந்த குழந்தைகளைப் பார்க்க ஆரம்பித்தாள்.

சற்று நேரத்தில் தங்கையை அழைத்தார்கள். டாக்டர் அறைக்குள்ளேயே ஒரு மூலையில் திரை போட்டுத் தடுத்த இடம். துணியை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி அங்கியில் வரச் சொல்லி நர்ஸ் அவளைத் திரைக்குப் பின்னால் அனுப்பிவிட்டு வெளியே போனாள். துணைக்கு வந்தவர் உட்காரலாம் என்றார்கள். பிளேடு அக்கா உட்காரவில்லை.

டாக்டர் கை கழுவிவிட்டு வந்து நாற்காலியில் அமர்ந்தார். நிமிர்ந்து பார்த்தவர் முகம் மலர்ந்துபோயிற்று.

"அட, பிளேடு அக்கா! நீங்க எங்க இங்க? உக்காருங்க, உக்காருங்க."

அவர் பயப்படுவார், முகம் வெளுக்கும் என்றுதான் அவள் இரண்டு நாளாக எதிர்பார்த்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அவள் மரப்பெட்டியைத் திறந்து தகட்டை மேசைமேல் வைத்தாள். பக்கத்தில், தங்கை வைத்துவிட்டுப் போன கோப்பைத் திறந்து படத்தை வைத்தாள்.

"இது என்ன சார்?"

அவர் இரண்டையும் பார்த்தார். பிறகு சிரித்தார். மாட்டிக்கொண்டவன் சிரிப்பு அல்ல. பழைய நண்பர் ஏதோ நகைச்சுவை சொன்னது போலச் சிரித்தார்.

"அதை இன்னும் வச்சிருக்கீங்களா? அருமையான தகடு க்கா அது."

"இதை என் தங்கச்சியோடதுன்னு சொல்லிக் குடுத்திருக்கீங்க. வெளிய இருக்கற அம்மாவுக்கும் இதையே குடுத்திருக்கீங்க."

"ஓ, தங்கச்சியா? தெரியாம போச்சே. சொல்லியிருந்தா நல்லா கவனிச்சிருப்பேனே." அவர் குரலைத் தாழ்த்தவும் இல்லை. "இதோ பாருங்க க்கா. இங்க வர்றவங்க எல்லா இடத்துலயும் போய், இல்ல, இல்லன்னு கேட்டுக் கேட்டு வர்றவங்க. ரிப்போர்ட்டுல நம்பர் குடுத்தா அழுவாங்க. ஒரு படத்தைக் கையில குடுத்துப் பாருங்க, முகமே மாறிடும். நம்பிக்கை க்கா. நம்பிக்கை பாதி வைத்தியம்."

"பொறந்த பொண்ணு உடம்புல ஊகோனியா ஏது சார்? நீங்களே பாடம் நடத்தியிருக்கீங்க. நான் கதவுகிட்ட நின்னு கேட்டிருக்கேன்."

"பாடம் வேற, தொழில் வேற." அவர் படத்தை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நெற்றி லேசாகச் சுருங்கியது. "ஆனா நீங்க சொல்றதும் சரிதான். ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல உக்காந்தா கோடு காட்டிக் குடுத்துடும். நானே நெனச்சுட்டு இருந்தேன். ஒண்ணு பண்ணுங்களேன். கோடு விழாம, புதுசா ஒரு பத்து தகடு, வேற வேற குட்டியில இருந்து சீவிக் குடுங்க. உங்க கைதான் தங்கக் கையாச்சே."

பிளேடு அக்கா அந்த ஆளின் நகங்களைப் பார்த்தாள். சுத்தமாக வெட்டி, ரோஜா நிறத்தில் இருந்தன. அதே நிறத்தில்தான் அவள் தகடுகளுக்குச் சாயம் ஏற்றுவாள். அவர்மேல் வந்த அருவருப்பு பாதிதான். மீதிப் பாதி தன்மேல். இந்த ஆள் தன்னை ஒரு கூட்டாளியாகத்தான் பார்க்கிறான், இத்தனை நாளும் அப்படித்தான் பார்த்திருக்கிறான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

திரை விலகியது. தங்கை ஆஸ்பத்திரி அங்கியில், முதுகுப் பக்கத்து நாடாவைக்கூடக் கட்டாமல், வெறுங்காலோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று கேட்க வேண்டியதே இல்லை.

டாக்டர் எழுந்தார். "நீங்க பதட்டப்படாதீங்கம்மா, இது வேற விஷயம்..."

தங்கை அவர் பக்கம் திரும்பவில்லை. மேசைக்கு வந்தாள், படத்தை எடுத்தாள், வெளியே நடந்தாள். பிளேடு அக்கா தகட்டை அள்ளிப் பெட்டியில் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினாள். காத்திருக்கும் கூடத்தில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். தங்கை காப்பி நிறச் சட்டைக்காரப் பெண்ணின் முன்னால் போய் நின்று, ஒன்றும் சொல்லாமல் அவர் மடியிலிருந்த படத்தின்மேல் தன் படத்தை வைத்தாள். கோட்டின்மேல் கோடு உட்கார்ந்தது. மடிப்பின்மேல் மடிப்பு.

அந்தப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தங்கையின் படத்தை இரண்டு விரலால் எடுத்துத் தங்கையிடமே நீட்டினார். தன் கோப்பை மூடி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"உங்களோடது எப்படியோ எனக்குத் தெரியாதும்மா. இது என்னோடது," என்றார்.

நர்ஸ் அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள். அவர் எழுந்து, யாரையும் பார்க்காமல், உள்ளே போனார்.

தங்கை கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். படிக்கட்டின் ஓரத்தில், பூந்தொட்டிகளுக்கு நடுவில் குனிந்து வாந்தி எடுத்தாள். பிளேடு அக்கா அவள் முடியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அங்கியின் நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டாள். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். போகட்டும்.

"அந்தக் குட்டி எத்தனை மாசம் க்கா?" என்று கேட்டாள் தங்கை, வாயைத் துடைத்துக்கொண்டு.

"ரெண்டு தாண்டியிருக்கும்."

"பொண்ணு."

"ம்."

"நான் அதுகிட்ட தெனமும் பேசிக்கிட்டு இருந்தேன் க்கா. ராத்திரி அவர் தூங்கினதும் எடுத்து வச்சுப் பேசுவேன். எழுந்திரு, எழுந்திருன்னு." அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று அக்காவுக்கு இருந்தது. "செத்த குட்டிகிட்டயா பேசிக்கிட்டு இருந்தேன்?"

பிளேடு அக்கா தங்கையின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"என்னை மன்னிச்சுடுடி. அன்னிக்கு அந்தக் கத்தியோட நிறுத்தியிருக்கணும். அந்தத் தகட்டை அப்பவே ஒடைச்சுப் போட்டிருக்கணும்."

"கோடு இல்லாம சீவியிருந்தீன்னா நாளைக்கு நான் உள்ள படுத்திருப்பேன்," என்றாள் தங்கை.

அவள் தொட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். வலது அடிவயிற்றில் ஒரு கையை வைத்தாள், உள்ளே இருப்பது இன்னும் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. பிறகு மூடிய கண்ணாடிக் கதவைப் பார்த்தாள்.

"அந்தம்மா உள்ள போயிட்டாங்க."

"விடு. கிளம்பலாம். உன் துணியை நான் போய் எடுத்துட்டு வரேன்."

"பெட்டியைக் குடு."

"எதுக்கு?"

"குடு க்கா."

பிளேடு அக்கா தயங்கினாள். வேலை, துறை, தலைவரம்மா எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து போயின. பிறகு மரப்பெட்டியை எடுத்துத் தங்கையின் கையில் வைத்தாள்.

"நானும் வரேன். நானே சொல்றேன், நான்தான் சீவினேன்னு."

"நீ சொன்னா நம்ப மாட்டாங்க க்கா. நானே நம்பலியே." தங்கை பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நீ சீவினவ. நான் நம்பினவ. நான் சொல்றேன்."

வெறுங்காலோடு, வாந்தி தெறித்த அங்கியோடு, அவள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.